கொக்கு நடை

அந்த ஆரஞ்சுத் தோட்டத்தில் மருந்தடிக்கும் ஆட்கள் ஒன்பது பேர். அவர்களில் ரேடியோ என்று எல்லோரும் கூப்பிடுகிறவன் எந்த வரிசையில் இருக்கிறான் என்று கண்டுபிடிக்கக் கண் தேவையில்லை, காது போதும். முதுகில் டேங்க் தொங்கும், மூக்கைச் சுற்றித் துண்டு கட்டியிருக்கும், அத்தனையையும் மீறிப் பேச்சு வந்துகொண்டே இருக்கும். நேற்று பார்த்த சண்டை, முந்தாநாள் கண்ட கனவு, சூப்பர்வைசரின் புது மீசை எல்லாம் அதில் அடக்கம்.

வீட்டில் நேர்மாறு. அவன் மனைவி தையல்காரி. முன்னறையில் மெஷின் போட்டிருந்தாள். பகல் முழுக்க உதடுகளுக்கு நடுவே நாலைந்து குண்டூசிகள் இருக்கும் என்பதால், "ம்", "ம்ஹும்" என்ற இரண்டே சொற்களில் குடும்பம் நடத்திவந்தாள்.

அதே தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுபவர் அவளுடைய அண்ணன். அண்ணனுக்கும் தங்கைக்கும் இரண்டு வருடமாக முகம்கொடுத்த பேச்சு இல்லை. சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. அவர் ஒருநாள் வந்துவிட்டுப் போன பிறகு, அவள் உயிராக வைத்திருந்த பெரிய கத்திரிக்கோலைக் காணோம். அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆனால் அதன்பிறகு அவர் வந்துவிட்டுக் கிளம்பும் போதெல்லாம் மெஷின் டிராயரை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். அந்தச் சத்தம் வாசல்வரை கேட்கும். அவர் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

ரேடியோவின் டேங்க் அடிமூட்டில் மூன்று நாளாகக் கசிந்துகொண்டிருந்தது. சூப்பர்வைசரிடம் சொன்னதற்கு, "இந்தச் சுத்து முடியட்டும், பார்க்கலாம்" என்றார். ரேடியோ சைக்கிள் டியூபைக் கீறி ஒரு கட்டுப் போட்டு, தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டு வரிசைக்குள் போனான். நல்ல வெயில். கழுத்திலிருந்து இடுப்புவரை சட்டை நனைந்து ஒட்டியது. வியர்வை என்று நினைத்துக்கொண்டான். நனைந்ததில் பாதிதான் வியர்வை.

பதினொரு மணிவாக்கில் டிராக்டரை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மச்சான் சட்டென்று நிமிர்ந்தார். தோட்டம் என்னவோ போல இருந்தது. எது குறைகிறது என்று யோசித்து, "ரேடியோ நின்னுபோச்சே!" என்று வரிசைகளுக்குள் ஓடினார்.

ஒரு மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வாயிலும் மூக்கிலும் கண்ணிலும் நீர் ஊற்றியது. கண்ணின் பாப்பா குண்டூசி முனைபோல் சுருங்கிக் கிடந்தது. கன்னத்துத் தோலுக்கு அடியில் எறும்பு ஓடுவதுபோல் சதை துடித்தது.

"மச்சான், எல்லாம் மங்கலா தெரியுது" என்றான். "உங்க மூஞ்சிகூட இப்போ பரவாயில்லாம இருக்கு."

அடுத்த நொடி வாந்தி எடுத்தான். மச்சான் டேங்கைக் கழற்றி வீசினார், சட்டையைக் கிழித்து எடுத்தார், டிராக்டரில் இருந்த குடத்துத் தண்ணீரை முதுகில் கொட்டித் தேய்த்தார். பழக்கூடைகளுக்கு நடுவே அவனைப் படுக்கவைத்து, நினைவாக மருந்துக் கேனையும் எடுத்துப் போட்டுக்கொண்டு, டிராக்டர் அதுவரை பார்த்திராத வேகத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

கேனைப் பார்த்ததும் வாசலில் நர்ஸின் முகம் இறுகியது. "எவ்வளவு குடிச்சார்? வீட்டுல என்ன பிரச்சினை?"

"அவர் குடிக்கலைங்க" என்றார் மச்சான். "அவர் சட்டை குடிச்சுது."

தையல்காரி கழுத்தில் அளவு நாடாவோடும், முந்தானையில் நூல் பிசிறோடும் வந்து சேர்ந்தபோது, அவனை உள்ளே கொண்டுபோய்விட்டிருந்தார்கள். அண்ணனும் தங்கையும் ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

முதல் நாள் கண்டம் தாண்டியது. உடம்பில் ஊற்றெடுக்கும் நீரையெல்லாம் வற்றவைக்க ஊசிமேல் ஊசி போட்டார்கள். அந்த ஊசிக்கு ஒரு குணம், அளவு ஏறினால் புத்தி கொஞ்சம் ஊர் சுற்றப் போய்விடும். "பயப்படாதீங்கம்மா, தெளிஞ்சிடும்" என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லிவைத்தாள். நல்லவேளை சொன்னாள். மறுநாள் காலை ரேடியோ மின்விசிறியில் காய்த்திருந்த ஆரஞ்சுகளைப் பறித்துக்கொண்டிருந்தான். நர்ஸை ஏணி பிடிக்கச் சொன்னான். பக்கத்துக் கட்டில்காரரிடம் கூடை கேட்டான். அந்த மனிதரும் பாவம், தன் தலையணை உறையைக் கழற்றிக் கொடுத்தார்.

பிறகு மச்சானைப் பார்த்துவிட்டான். சைகை காட்டிப் பக்கத்தில் கூப்பிட்டான்.

"மச்சான், உங்ககிட்ட ஒரு விஷயம். அந்தக் கத்திரிக்கோலை எடுத்தது நான்தான். அவகிட்ட சொல்லிடாதீங்க."

கட்டிலின் மறுபக்கம் அவள் நின்றிருந்தாள். "எதுக்கு எடுத்தீங்க?" என்றாள்.

ரேடியோ அவளைச் சந்தேகத்தோடு பார்த்தான். "நீங்க யாரு?"

"தையல்காரி."

"அப்போ உங்களுக்குப் புரியும். டேங்க் குழாயை வெட்ட எடுத்துட்டுப் போனேன். வாய் மழுங்கிப்போச்சு. வாய்க்கால்ல போட்டுட்டேன். அவளுக்குத் தெரிஞ்சா என்னையே வெட்டிடுவா, சின்னக் கத்திரிக்கோலால."

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறாரோ என்று அவள் பதறினாள். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே இரண்டு வருடத்து டிராயர் சத்தமெல்லாம் காதில் கேட்க, முகம் சூடேறியது.

"அண்ணே" என்றாள், "டீ வாங்கிட்டு வரட்டுமா?"

"சக்கரை கம்மியா" என்றார் அவர், இன்னும் ஜன்னலைப் பார்த்தபடி.

மூன்றாம் நாள் காலை புத்தி திரும்பியிருந்தது. "நான் ஏதாவது உளறினேனா?" என்று கேட்டான்.

"நிறைய."

அதற்கு ஒரு பதிலும் வரவில்லை. அதுவே அவளுக்குச் சரியாகப் படவில்லை. தெளிந்துவிட்டான், களைப்பில் கிடக்கிறான், இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவள் டம்ளரில் தண்ணீரைக் கொண்டுபோய் உதட்டருகே வைத்தாள். அவன் குடிப்பதற்காகத் தலையைத் தூக்கினான். தூக்க முயன்றான் என்பதுதான் சரி. கழுத்து நரம்பு புடைத்தது, தலை தலையணையில் அப்படியே இருந்தது.

"விளையாடாதீங்க" என்றாள்.

"விளையாடலை" என்றான். குரல் மூக்கு வழியாக வந்தது.

அவள் பிடரியில் கைகொடுத்துத் தூக்கினாள். நனைந்த மூட்டையைத் தூக்குவதுபோல் இருந்தது. கையை எடுத்ததும் பின்னால் விழுந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நர்ஸிடம் ஓடினாள்.

"களைப்பா இருக்கும்மா. தூங்கட்டும்."

"களைப்பா இருந்தா பேச்சுதான் ஜாஸ்தியாகும் அவருக்கு. நீங்க வந்து பாருங்க" என்றாள் அவள். அவ்வளவு நீளமாக அவள் அந்த ஆஸ்பத்திரியில் பேசியது அதுதான் முதல் தடவை. நர்ஸ் வந்து பார்த்தாள். பார்த்ததும் அவளும் ஓடினாள்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. "தலையைத் தூக்குங்க" என்றாள். முடியவில்லை. "ஒரே மூச்சுல ஒண்ணு, ரெண்டு எண்ணுங்க" என்றாள். நாள் முழுக்க மூச்சுவிடாமல் பேசக்கூடியவன் ஒன்பதில் நின்றான். கால்மணி நேரம் கழித்து மறுபடி எண்ணச் சொன்னாள். ஆறு.

"விஷம் முதல் நாள் பண்றது ஒரு வேலை" என்று தையல்காரியிடம் வேகமாகச் சொன்னாள். "ரெண்டு மூணு நாள் கழிச்சு இன்னொண்ணு பண்ணும். நரம்பு சொல்றது தசைக்குக் கேக்காம போயிடும். கழுத்துல ஆரம்பிச்சு மூச்சுக்குப் போகும். குழாய் போட்டு மெஷின்ல வைக்கிறோம். நல்ல நேரத்துல கூப்பிட்டீங்க. மதியம் வரைக்கும் விட்டிருந்தா கஷ்டம்."

பதினொரு நாள் மெஷின் அவனுக்காக மூச்சுவிட்டது. விழித்திருப்பான், எல்லாம் கேட்கும், பேச முடியாது. ஆமாம் என்றால் ஒருமுறை கண்ணை மூடித் திறக்க வேண்டும், இல்லை என்றால் இரண்டுமுறை. நோயாளியிடம் பேச்சுக்கொடுக்கச் சொல்லி நர்ஸ் உத்தரவு போட்டிருந்தாள். என்ன பேசுவது என்று தையல்காரிக்குத் தெரியவில்லை. முதல் நாள், தைக்க வந்திருந்த துணிகளின் அளவுகளைச் சொன்னாள். இரண்டாம் நாள் அதுவும் தீர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அந்தக் கத்திரிக்கோலைப் பத்திப் பேசுவோமா?"

ரேடியோ இரண்டுமுறை கண்ணை மூடித் திறந்தான். அவசரமாக இன்னும் இரண்டுமுறை.

அவள் பேசினாள். அந்தக் கத்திரிக்கோல் வந்த கதையிலிருந்து ஆரம்பித்தாள். நடுவில் கல்யாணமான புதிதில் அவன் சொன்ன பொய்கள், அவள் மறந்துவிட்டதாக அவன் நினைத்திருந்தவை, ஒவ்வொன்றாக வந்தன. குறுக்கே பேச ஆளில்லை என்றால் பேச்சு எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டாள். பேசிப் பேசி, "எந்திரிச்சு வந்து பதில் சொல்லுங்க, அதுக்காகவாவது வந்துடுங்க" என்ற இடத்தில் குரல் உடைந்தது. அவன் ஒருமுறை மட்டும் கண்ணை மூடித் திறந்தான்.

பன்னிரண்டாம் நாள் தானாக மூச்சுவிட்டான். இரண்டு நாள் கழித்துக் குழாயை எடுத்தார்கள். கரகரத்த குரலில் அவன் சொன்ன முதல் வார்த்தை, "புதுசு வாங்கித் தரேன்."

வீட்டுக்கு அனுப்பும்போது, மூன்று வாரத்தில் மறுபடி வந்து காட்டச் சொன்னாள் டாக்டரம்மா. பின்னால் காலில் ஏதாவது வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் கவனமாக இருக்கவேண்டும் என்றாள். ரேடியோ தலையாட்டினான், இப்போது தலை ஆடியது. பிழைத்து வந்த சந்தோஷத்தில் அந்த வார்த்தை வாசலிலேயே விழுந்துவிட்டது.

ஒரு வாரம் நன்றாகப் போனது. தெருவெல்லாம் கதை சொன்னான். அப்புறம் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. படுத்துக் கிடந்ததால் என்றான். பாதத்தில் ஊசி குத்துவதுபோல் இருந்தது. உன் குண்டூசிதான் எங்கேயோ என்றான். அதற்கப்புறம் செருப்பு. டீக்கடைக்குப் போய்வருவான், ஒரு காலில்தான் செருப்பிருக்கும். கழன்று விழுந்தது அவனுக்கே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு செருப்பாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பழைய செருப்பு, வார் தளர்ந்துவிட்டது என்று புதுசு வாங்கினான். புதுசும் வீதியில் தங்கிவிட்டது. வாசற்படியில் இரண்டுமுறை தடுக்கி விழுந்தான்.

சூப்பர்வைசர் ஆளனுப்பினார். "பயந்துட்டானா? ஒடம்புல ஒண்ணுமில்லைன்னு கேள்விப்பட்டேன்" என்று.

ஒரு மதியம் தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தெருவில் வந்துகொண்டிருந்தான். முழங்காலை மேலே மேலே தூக்கி, பாதம் தொங்க, தப் தப் என்று தரையில் அறைந்தபடி வந்தான். அவள் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"என்னங்க, நீங்க கொக்கு அண்ணன் மாதிரி நடக்கறீங்க."

ரேடியோ படியில் காலை வைத்தபடி நின்றுவிட்டான்.

கொக்கு என்பவர் தோட்டத்தின் கேட் காவல்காரர். குறுக்குக் கம்பியைத் தூக்கி வண்டிகளை உள்ளே விடுவது வேலை. இதே போலத்தான் நடப்பார், முழங்காலை உயர்த்தி, தண்ணீரில் நடக்கும் பறவை மாதிரி. எந்நேரமும் தண்ணி போட்டிருக்கிறார் என்பது தோட்டத்துக்குத் தெரிந்த சேதி. ஏழு வருடத்துக்கு முன் ஒரு மதிய இடைவேளையில் அவருக்குக் கொக்கு என்று பெயர் வைத்து, அவர் நடையை நடந்தும் காட்டி, மற்ற எட்டுப் பேரையும் வயிறு வலிக்கச் சிரிக்கவைத்தவன் ரேடியோதான்.

மறுநாள் மச்சான் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா கணுக்காலில் ரப்பர் சுத்தியால் தட்டினாள். கால் ஆடவில்லை.

"முதுகிலேர்ந்து பாதம் வரைக்கும் போற நரம்புதான் உடம்புலயே நீளம்" என்றாள். "இந்த விஷத்துல சில வகை, எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்கும்போது அந்த நரம்போட நுனியைக் காய வெச்சிடும். அதான் பாதம் தூக்க மாட்டேங்குது. திரும்ப வளரும், மெதுவா. எவ்வளவு வளரும்னு இப்போ சொல்ல முடியாது. பயிற்சி பண்ணணும்."

"டாக்டர்" என்றான் ரேடியோ, "இது ரொம்ப வருஷம் முன்னாடி ஒருத்தருக்கு வந்திருந்தா, வெளியில பார்த்தா குடிச்ச மாதிரி இருக்குமா?"

"இருக்கும். நிறைய பேரை அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

திரும்பும் வழியில் அவன் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். மச்சான் இரண்டுமுறை திரும்பிப் பார்த்தார். தோட்டத்து கேட் வந்ததும், "நிறுத்துங்க" என்று இறங்கிக்கொண்டான்.

கொக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தப் தப் என்று ஒருவன் வருவதைப் பார்த்து, தன்னைக் கேலி செய்ய யாரோ வருகிறான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மெல்லத் திரும்பி அந்தக் கால்களைப் பார்த்தார். நடிப்பில்லை என்று தெரிந்துகொள்ள அவருக்கு நேரமாகவில்லை.

"உனக்கும் வந்துடுச்சா?"

"அண்ணே, உங்களுக்கு இது எப்பலேர்ந்து?"

"நீ பேர் வெச்சதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி" என்றார். "அப்போ நானும் மருந்துதான் அடிச்சேன். ஒருநாள் மயங்கி விழுந்தேன். மூணு நாள் படுத்திருந்து எந்திரிச்சிட்டேன். இருபது நாள் கழிச்சு கால் இப்படி. குடின்னாங்க. என் பொண்டாட்டியே வாயை மோந்து பார்த்தா."

"டாக்டரைப் பார்க்கலையா?"

"பார்த்தேன். சத்து மாத்திரை குடுத்தாரு. மயங்கினதை நான் சொல்லலை, அவரும் கேக்கலை. ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும்னு யாருக்குத் தெரியும்?"

ரேடியோவுக்கு வார்த்தை வரவில்லை. வாழ்நாளில் முதல்முறை, மெஷின் எதுவும் இல்லாமலேயே. கடைசியில், "மன்னிச்சிடுங்கண்ணே" என்றான்.

"எதுக்குடா? அதுக்கு முன்னாடி என்னை எல்லாரும் 'ஏய்'னுதான் கூப்பிட்டாங்க. கொக்குன்னாவது ஒரு பேரு கிடைச்சுது" என்று சொல்லி, எழுந்து ஸ்டூலை அவனுக்குத் தள்ளிவிட்டார்.

அந்த வாரத்திலிருந்து இருவரும் சேர்ந்தே பயிற்சிக்குப் போனார்கள். வீட்டில் தையல்காரி தரையில் பொத்தான்களைக் கொட்டி, கால்விரலால் பொறுக்கி டப்பாவில் போடச் சொன்னாள். ஞாயிறுதோறும் கெண்டைக்காலை நாடாவால் அளந்து, வாடிக்கையாளர் அளவு எழுதும் நோட்டிலேயே தேதியோடு எழுதினாள். இரண்டு மாதம் எண்கள் இறங்கின. மூன்றாம் மாதம் நின்றன. நான்காம் மாதம் இடதுகால் அளவு கால் அங்குலம் ஏறியது. அன்று அவள் இரண்டுமுறை அளந்தாள்.

இதற்கிடையே மச்சான் ஒரு வேலை செய்தார். மருந்துச் சுற்று தொடங்கும் நாளில் டிராக்டரை கேட்டுக்கு நடுவில் நிறுத்திச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ஒன்பது டேங்கையும் மாற்றாமல் வண்டி நகராது என்றார். கம்பியைத் தூக்கச் சொன்னதற்குக் கொக்கு, "கை வலிக்குதுங்க" என்றுவிட்டார். சூப்பர்வைசர் கத்தினார், யார் யாருக்கோ போன் செய்தார். நான்காம் நாள் புது டேங்குகள் வந்தன. வரிசைக் கோடியில் குளிக்க ஒரு குழாயும் வைத்தார்கள். கையுறைகளும் வந்தன, எல்லாம் சின்னப் பிள்ளைகள் அளவில். அவற்றைத் திருப்பி அனுப்ப இன்னொரு சண்டை போடவேண்டியிருந்தது.

ரேடியோ மறுபடி மருந்தடிக்கப் போகவில்லை. போகக் கூடாது என்று டாக்டரம்மா எழுதியே கொடுத்துவிட்டாள். பழம் தரம்பிரிக்கும் கொட்டகையில் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்தது. இடதுகால் ஏறக்குறையத் தேறிவிட்டது. வலதுகால் இன்னும் கொஞ்சம் இழுக்கும், இனி அப்படியே இருக்கலாம்.

வலதுகாலுக்காகத் தையல்காரி ஒரு பட்டை தைத்தாள். முழங்காலுக்குக் கீழே ஒரு வளையம், அதிலிருந்து ஷூவின் முனைக்கு அகலமான எலாஸ்டிக். கால் எடுத்துவைக்கும்போது அது பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும். முதலில் தைத்தது ஷூவையே கழற்றிவிட்டது. இரண்டாவது அறுந்து மச்சான் கன்னத்தில் அடித்தது. மூன்றாவது நின்றது. கொக்கின் நரம்புகள் காய்ந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டதால் பயிற்சியில் பெரிதாக எதுவும் வராது என்று டாக்டரம்மா மறைக்காமல் சொல்லியிருந்தாள். அவருக்கும் தையல்காரி இரண்டு காலுக்கும் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தாள்.

மாட்டிக்கொண்டு அவர் முன்னறையில் நாலு அடி நடந்தார். தப் தப் சத்தம் இல்லை. வாசலுக்கு வந்தார், தெருவில் இறங்கினார். ரேடியோ விழுந்தால் பிடிக்கக் கூடவே போனான். ஒன்பது வருடமாக ஒவ்வொரு அடியையும் தரையைப் பார்த்தே வைத்துப் பழகிய மனிதர், கொஞ்சதூரம் அப்படியே குனிந்து நடந்தார். டீக்கடை முன்னால் வந்ததும் மெதுவாகத் தலையை நிமிர்த்தினார். அப்படியே நின்றுவிட்டார்.

"என்னண்ணே, வலிக்குதா?"

"இல்லடா" என்றார் கொக்கு. கழுத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார், "இந்தக் கடைக்கு மாடி எப்போ கட்டினாங்க?"